எடை அறைக் கம்ப்யூட்டர்

அந்தப் பெயின்ட் கம்பெனியில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'ரீஸ்டார்ட்'. யார் முதலில் வைத்தது என்று தெரியாது. கணக்குப் பிரிவில் ஆட்கள் மும்முரமாக இருக்கும்போது திரையின் மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும்: சற்று நேரத்தில் உங்கள் கம்ப்யூட்டர் மீண்டும் தொடங்கும். உடனே யாராவது, "வந்துட்டாப்பா ரீஸ்டார்ட்டு" என்பார்கள். அவள் என்னவோ மாடியில் தன் இடத்தில்தான் இருப்பாள். ஆனாலும் நேரில் வந்து சட்டைக் காலரைப் பிடித்த மாதிரி எல்லார் முகத்திலும் ஒரு சலிப்பு ஓடும்.

அவள் வேலை அதுதான். அலுவலகம், ஆலை, கிடங்கு, வாசல் காவல் அறை என்று எங்கெல்லாம் கம்ப்யூட்டர் இருக்கிறதோ அங்கெல்லாம் புது அப்டேட் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். எது வந்தாலும் முதலில் தன் மேஜைக்குக் கீழே கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளில் போட்டுப் பார்ப்பாள். அவை மூச்சுத் திணறாமல் எழுந்து உட்கார்ந்தால் அடுத்து தன் பிரிவுக்கு, அப்புறம் அலுவலகத்துக்கு, கடைசியாக ஆலைக்கு. எல்லாம் சரியாக நடந்தால் இப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு பிரின்டர் முரண்டு பிடித்தால் போதும், தரைத்தளத்திலிருந்து மாடி வரை அவள் பெயர்தான் உருளும். "நல்லா ஓடிட்டிருந்ததை எதுக்கு நோண்டினே?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது மரத்துப்போயிருந்தது.

அந்தக் கம்பெனியில் அவளைச் சேர்த்துவிட்டவர் அக்காவின் கணவர். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின், அக்கா கல்யாணமாகிப் போகும்போது தங்கையையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். "உங்க அக்காவைத்தான் கேட்டேன். நீ இலவச இணைப்பு" என்று மாமா அவளை இன்றுவரை கேலி செய்வார். படிக்கவைத்ததும் அவர்தான். இப்போது அவள் தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டிருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு அக்கா வீட்டில்தான். அக்காவின் மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலியில் இவள் உட்காருவாள்.

மாமாவுக்கு ஆலையின் எடை அறையில் வேலை. ஒவ்வொரு வகைப் பெயின்டுக்கும் என்னென்ன பொடி, எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் செய்முறை இருக்கும். வேண்டிய செய்முறையைத் தேர்ந்தெடுத்தால் தராசு தயாராகும். பொடியைக் கொட்டக் கொட்ட, உரிய எடை வந்ததும் தராசு கீச்சென்று கத்தும். லேபிள் அடித்து ஒட்டி டிரம்மைக் கலவைத் தளத்துக்குத் தள்ளிவிட வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் அவள் கைக்கு அடங்காமல் இருந்தது. அதில் ஓடிய புரோகிராம் அவ்வளவு பழையது. புதிய எதைப் போட்டாலும் படுத்துவிடும் என்று பயந்து, அதை 'விலக்கு' என்ற தலைப்பில் ஒதுக்கிவைத்திருந்தாள். மாமாவும் தொட விடவில்லை. "அது என்னை மாதிரி. தொட்டா விழுந்துடும், விட்டா ஓடும்" என்பார்.

அப்படியே ஓடியிருக்கும். ஆனால் அதே சாலையில் கொஞ்சம் தள்ளியிருந்த அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு ஒரு காலையில் வந்தது வினை. அங்கே எல்லாத் திரைகளிலும் ஒரே வாசகம். கோப்புகள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், பேரம் பேச வாருங்கள் என்று முகம் தெரியாத எவனோ எழுதியிருந்தான். ஆர்டர், சரக்கு, சம்பளம் எதுவும் திறக்கவில்லை. ஆட்கள் தினமும் வந்து மதில்மேல் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு வருவதையும் நிறுத்திவிட்டார்கள். யாருமே கவனிக்காமல் விட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் வழியாக நுழைந்துவிட்டான் என்று பேச்சு வந்தது.

அவளுடைய மேனேஜர் நெஞ்செரிச்சல் மாத்திரையை மிட்டாய் மாதிரி சப்பிக்கொண்டிருப்பவர். அன்று இரண்டாக வாயில் போட்டுக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"விலக்குங்கற வார்த்தையே இனிமே இந்தக் கம்பெனியில இருக்கக் கூடாது."

"எடை அறைக் கம்ப்யூட்டர் மட்டும்தான் சார் அதுல இருக்கு. அதை நெட்வொர்க்கிலிருந்து கழட்டித் தனியா ஓட விட்டா?"

"செய்முறை எப்படிப் போகும்? லேபிள் எப்படி வரும்? அந்த புரோகிராமுக்குப் புது வடிவம் வந்திருக்குன்னு நீதானே சொன்னே?"

"வந்திருக்கு சார். ஆனா திரை அடியோட மாறியிருக்கு."

"மாறட்டும். எல்லாரும் கத்துக்கலையா? அது என்ன, உங்க வீட்டு அறையா?"

அவளுக்குச் சுருக்கென்றது. எடை அறையில் இருப்பவர் அவளுடைய மாமா என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். தன் இடத்துக்கு வந்துவிட்டாள்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் மாமாவின் எதிரில் தட்டோடு உட்கார்ந்தாள்.

"மாமா, உங்க கம்ப்யூட்டருக்கு நாள் குறிச்சாச்சு."

"எனக்கு வேணா குறி. அதுக்குக் குறிக்காதே."

"விளையாடாதீங்க. பெட்டிக் கம்பெனி கதை தெரியுமில்ல?"

"அவங்க கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கினாங்க. நான் என் அறைக்குள்ள ஈயைக்கூட விடறதில்லை."

"இது கதவு வழியா வர்றதில்லை மாமா. புது திரை ரொம்ப சுலபம். கலர் கலரா படம் போட்டிருக்கு. சின்னக் குழந்தைகூடப் பழகிடும்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. "சொன்னாக் கேளு. அதைத் தொடாதே" என்றார். குரலில் கேலி இல்லை. பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். சாப்பாட்டை வீணாக்கினால் வீட்டில் ஒரு பிரசங்கமே நடத்துகிற மனிதர். அவள் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முற்பகலில், அவரிடம் சொல்லாமலே எடை அறைக்குப் போனாள். அந்தக் கம்ப்யூட்டரில் எவ்வளவு இடம் காலியிருக்கிறது, புது வடிவத்தைத் தாங்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. பொடி உறிஞ்சும் விசிறியின் இரைச்சலில் அவள் வந்தது அவருக்குக் கேட்கவில்லை. மாமா முகமூடி போட்டுக்கொண்டு கீபோர்டு முன்னால் நின்றிருந்தார். விரல்கள் தட்டின. தராசின் பக்கம் திரும்பினார். கரண்டியால் வெள்ளைப் பொடியை அள்ளிக் கொட்டினார். கீச். அடுத்த மூட்டை. கீச். லேபிள் வெளியே வந்தது. கிழித்து டிரம்மில் ஒட்டி நீவிவிட்டார். எல்லாம் சுத்தமாக நடந்தது.

திரை மட்டும் கறுப்பாக இருந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. திரை தூங்கிப்போயிருக்கும் என்று நினைத்தாள். அவர் மறுபடி கீபோர்டுக்கு வந்தார், தட்டினார், கறுப்புத் திரைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு அடுத்த செய்முறையை எடுத்தார். தரையைப் பார்த்தாள். யாரோ கூட்டும்போது திரையின் ஒயர் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. அது அங்கே எப்போதிலிருந்து கிடக்கிறதோ. அவருக்கு அது தெரியவே இல்லை.

அவள் வந்த சுவடு தெரியாமல் பின்வாங்கினாள்.

சாயங்காலம் வாசலில் காத்திருந்து அவரோடு நடந்தாள். தூறிக்கொண்டிருந்தது. மாமா குடையை விரித்து அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். பள்ளம் மேடு பார்த்துத்தான் நடந்தார். எதிரே வந்த சைக்கிளுக்கு ஒதுங்கினார். நாம்தான் எதையோ தப்பாக நினைத்துவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

"மாமா, உங்க ஸ்கிரீனோட ஒயர் பிடுங்கிக் கிடக்கு" என்றாள்.

அவர் நடை நிற்கவில்லை. பஸ் நிறுத்தத்தின் கூரைக்கு அடியில் போய் நின்றதும் குடையை மடக்கி, தண்ணீரை உதறி, நிதானமாகச் சுருட்டிக் கட்டினார்.

"நடுவுல போயிடுச்சு" என்றார். "சுத்தி இருக்கறதெல்லாம் தெரியும். நேரா பாக்கறது மட்டும் தெரியாது. யாரோ விரலால அழிச்சுவிட்ட மாதிரி இருக்கும். எழுத்தைப் பாத்தா எழுத்து இருக்காது. ஆளைப் பாத்தா தலை இருக்காது."

"டாக்டர்?"

"பாத்தேன். விழித்திரை தேய்ஞ்சுபோச்சாம். வந்தது திரும்பாதாம். இன்னும் போகாம வேணா கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாமாம். அதுக்கு ஊசி போடறாங்க. சனிக்கிழமை சீட்டாடப் போறேன்னு உங்க அக்காகிட்ட சொல்லிட்டுப் போறது அங்கதான்."

அவர் ஏன் எப்போதும் ஆளின் காதைப் பார்த்துப் பேசுகிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டால், "உன் மூஞ்சிக்கு காது தேவலை" என்று சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவார்.

"அக்காவுக்கு எதுக்கு மறைக்கறீங்க?"

"சொன்னா அன்னியிலிருந்து அவ என்னைப் பாக்கற பார்வை மாறிடும். அது எனக்குத் தெரியாதுதான். ஆனா மாறினது தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "அவ முகம் இப்ப எனக்கு ஞாபகத்துல இருக்கறதுதான்" என்றார்.

"மேனேஜர்கிட்ட சொல்லிடலாம் மாமா. எழுத்தைப் பெரிசாக்கலாம், படிச்சுச் சொல்ற புரோகிராம்லாம் இருக்கு. நான் எல்லாம் போட்டுத் தர்றேன்."

"சொன்னா முதல்ல ஐயோ பாவம்பாங்க. அப்புறம் பத்திரமா இருக்கட்டும்னு ஒரு மூலையில உக்காரவெப்பாங்க. அப்புறம் அந்த மூலைக்கே ஆள் எதுக்குன்னு கேப்பாங்க."

டிரம் உருட்டுகிற ஒருவருக்குக் கையில் அடிபட்டபோது அதே கம்பெனியில் அப்படியே நடந்ததை அவளும் பார்த்திருந்தாள்.

பஸ் வந்தது. ஏறும் முன், "நீயும் சொல்லக் கூடாது" என்றார். அவள் தலையாட்டினாள். பிறகு அது அவருக்குத் தெரியாது என்று நினைவு வந்து, "சொல்லலை" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

தள்ளிப்போட இடமில்லாததால் அவள் வேறு வழி தேடினாள். புது வடிவத்தைத் தன் மேஜைக்குக் கீழே இருந்த பெட்டியில் போட்டுக் குடைந்து குடைந்து பார்த்தாள். படங்களும் வண்ணங்களுமாக மவுஸுக்கென்றே செய்திருந்தார்கள். ஆனால் அடியில் எல்லாவற்றுக்கும் கீபோர்டு வழி இருந்தது. எந்தச் செய்முறைக்கு எத்தனை முறை கீழே, எப்போது வலது, எங்கே என்டர் என்று தானே கண்ணை மூடிக்கொண்டு பழகினாள்.

ஆலை விடுமுறையாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் எடை அறைக்குள் போனார்கள். அக்காவிடம் கம்பெனியில் அவசர வேலை என்று சொல்லியிருந்தார்கள். அவள் புது வடிவத்தை ஏற்றினாள். முக்கியமான கீகளில் சின்னச் சின்னதாக டேப் ஒட்டி, விரலுக்கு அடையாளம் வைத்தாள். இரைச்சலில்லாத அந்த அறையில் தராசின் கீச்சு வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

"கீழ, கீழ, வலது, தட்டு. இது வெளிப்புற வெள்ளை."

"கீழ, கீழ, வலது, தட்டு" என்று திருப்பிச் சொன்னார். "என்னடி இது, டான்ஸ் கிளாஸ் மாதிரி இருக்கு."

"பேசாம தட்டுங்க. தப்பா போட்டா முட்டி போடணும்."

"இலவச இணைப்பு என்னை முட்டி போடச் சொல்லுது பாரு."

வெகுநேரம் பழகினார்கள். அவர் ஒருமுறை தவறினால் மறுமுறை தவறவில்லை. வீட்டுக்குப் போயும் குளிக்கும்போது, செருப்பு மாட்டும்போது முணுமுணுத்துக்கொண்டே இருந்தாராம். என்ன அது என்று அக்கா கேட்டதற்குப் பழைய பாட்டு என்றாராம். அக்கா இதை அவளிடம் சொல்லிச் சிரித்தபோது, அவளும் கூடச் சிரித்தாள்.

வேலை தடங்கலில்லாமல் நடந்தது. 'விலக்கு' என்ற தலைப்புக்குக் கீழே எதுவும் இல்லை. மேனேஜர் அதைத் தன் மேலதிகாரிகளுக்குக் காட்டிப் பெருமைப்பட்டார். அந்தச் சில வாரங்கள் அவள் நன்றாகத் தூங்கினாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, வந்து குவிந்த அப்டேட்களோடு எடை அறைப் புரோகிராமுக்கும் சின்னதாக ஒன்று வந்தது. கூடவே வந்த குறிப்பில் சிறு திருத்தங்கள் என்று போட்டு, பட்டியல் இன்னும் வசதியாக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை அவள் கண் பார்த்தது. மனசு பார்க்கவில்லை. வழக்கப்படி சோதனைப் பெட்டியில் போட்டுப் பார்த்தாள். தராசு கத்தியது, லேபிள் வந்தது, எதுவும் படுத்துவிடவில்லை. மவுஸால்தான் சோதித்தாள். சரி என்று அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

வசதி என்று அவர்கள் சொன்னது இதைத்தான்: கடைசியாக எடுத்த செய்முறை பட்டியலின் உச்சியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மற்றவை எல்லாம் ஒரு வரி கீழே இறங்கிவிடும்.

மறுநாள் முற்பகல் கீழேயிருந்து போன் வந்தது. கலவைத் தளத்து சூப்பர்வைசர். "நீ என்னவோ பண்ணித் தொலைச்சிருக்கே. எடை அறைக்கு வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவள் படிகளில் ஓடினாள். ஓடும்போதே அந்த ஒரு வரி, அணைக்க மறந்த அடுப்பு நினைவுக்கு வருவதுபோல வந்தது.

எடை அறை வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். கலவை இயந்திரத்தை நிறுத்தியிருந்ததால் அந்தத் தளமே வெறிச்சென்று இருந்தது. நிறுத்தச் சொன்னது மாமாதான். தராசு வழக்கத்தைவிடச் சீக்கிரம் கத்துகிறது என்று அவர் கைக்குத் தோன்றியிருக்கிறது. பிரமை என்று நினைத்து முதல் டிரம்களை அனுப்பிவிட்டார். அடுத்ததிலும் கரண்டிக் கணக்கு பொருந்தவில்லை. போய், "தொட்டியை நிறுத்துங்க, தப்பு நடந்திருக்கு" என்று தானே சொல்லியிருக்கிறார். அதற்குள் தொட்டி நிறையக் கலந்தாகிவிட்டது. எதற்கும் உதவாத ஒரு கூழ்.

சூப்பர்வைசர் நியாயமான மனிதர்தான். கோபத்தில் இருந்தார். "என்ன செய்முறை எடுத்தீங்க?"

"வெளிப்புற வெள்ளை."

"ஸ்கிரீன்ல என்ன இருக்கு? படிங்க."

மாமா திரையின் முன் நின்றார். முகத்தைக் கொஞ்சம் இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். ஓரக்கண்ணில் ஏதாவது சிக்குமா என்று தேடுகிறார் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது. வாசலில் யாரோ சிரித்தார்கள். விளையாடுகிறார் என்று நினைத்திருப்பார்கள். அவரைப் பற்றி அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

"என்ன, படிங்களேன்."

"எனக்குத் தெரியலை" என்றார் மாமா. "கண்ணு தெரியலை. ரொம்ப நாளா."

அதற்குள் மேனேஜரும் வந்துவிட்டிருந்தார். அவர் மாமாவைப் பார்த்தார், கீபோர்டில் ஒட்டியிருந்த டேப் துண்டுகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

அவள் வாயைத் திறந்தாள். ஆனால் மாமா முந்திக்கொண்டார். "அவளுக்கு எப்படி சார் தெரியும்? அவ அக்காவுக்கே தெரியாது. டேப்பெல்லாம் நான் ஒட்டினது."

மேனேஜர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியும் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சு வரவில்லை. வேலை போய்விடும் என்று யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. எதையும் யோசிக்கவில்லை. வாய் திறந்தபடி நின்றாள், பிறகு மூடிக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது.

மாமாவை விரட்டிவிடவில்லை, மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். உடல்நிலைக் குறைவை மறைத்தது விதிப்படி குற்றம், இத்தனை வருட வேலையை மதித்து நடவடிக்கை எடுக்கவில்லை, தாமாகவே விலகிக்கொள்ளலாம் என்றார்கள். அவர் அன்றே விலகிக்கொண்டார். முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வழியில் நின்றவர்களிடமெல்லாம் அவரவர் குரலை வைத்தே அடையாளம் கண்டு சொல்லிக்கொண்டு போனார்.

சாயங்காலம் அவள் அக்கா வீட்டுக்குப் போனபோது மாமா உள்ளறையில் படுத்திருந்தார். அக்கா சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. அழுத மாதிரியும் தெரியவில்லை.

"உனக்குத் தெரியுமாடி?"

ஆலையில் வராத மூச்சு இங்கே வந்தது. "தெரியும்" என்றாள்.

"எப்போலேர்ந்து?"

"போன மாசத்திலேர்ந்து. சொல்லக் கூடாதுன்னார்."

"அவர் சொல்லக் கூடாதுன்னார். நீ சொல்லலை." அக்கா ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவைப்பதுபோலப் பேசினாள். "அன்னிக்கு அந்தப் பாட்டுன்னு நான் சொன்னப்போ நீயும் சிரிச்சியே."

"அக்கா—"

"போன வாரம் தலைக்குச் சாயம் போட்டுட்டு வந்து நின்னு, எப்படி இருக்குன்னு கேட்டேன். ரொம்ப நல்லா இருக்குன்னார். உங்க ரெண்டு பேருக்கும் நான் ஒரு வேடிக்கையாப் போயிட்டேன், இல்ல?"

"அப்படி இல்லைக்கா."

"கண்ணு போச்சுன்னா பரவாயில்லை. நான் இருக்கேன். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேன். என்னை எதுக்குடி வெளியில நிக்கவெச்சீங்க?"

அக்கா விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இருட்டுச் சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தன் அறையிலேயே இருந்தாள். போன் செய்தால் மாமா எடுப்பார். "உங்க அக்கா குளிக்கறா" என்பார். எப்போது கூப்பிட்டாலும் அக்கா குளித்துக்கொண்டே இருந்தாள். அவருடைய கேலியும் குறைந்துபோயிருந்தது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடுவார்.

கம்பெனியில் எடை அறைக்குப் புது ஆள் வந்தார். முதல் வாரமே, வேலைக்கு நடுவில் கம்ப்யூட்டர் மீண்டும் தொடங்குகிறது என்று புகார் செய்தார். அவள் நேரத்தை மாற்றிக் கொடுத்தாள். கீபோர்டில் டேப் ஒட்டியிருந்த பிசின் இன்னும் போகவில்லை என்று அந்த ஆள் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

தாங்க முடியாமல் ஒருநாள் மேனேஜர் அறைக்குப் போய், "சார், அன்னிக்கு நீங்க கேட்டீங்களே" என்று ஆரம்பித்தாள்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அந்த ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் உள்ள வந்தது வாசல்ல பதிவாகியிருக்கு. அன்னிக்கு சாயங்காலமே நான் அதைப் பாத்துட்டேன்."

"அப்ப ஏன் சார் என்னை—"

"உன்னையும் அனுப்பிட்டா இந்த வேலையை யார் பாக்கறது? பெட்டிக் கம்பெனியை ஏலம் விடறாங்களாம், தெரியுமா?" மாத்திரைப் பட்டையைப் பிதுக்கினார். "நான் கேக்கலைன்னு வெச்சுக்கோ. நீ சொல்லலை. போய் வேலையைப் பாரு."

அவர் நல்லதுதான் செய்தார். ஆனால் வெளியே வரும்போது, கழுவாத பாத்திரத்தைப் போலத் தன்னை யாரோ துடைத்து மட்டும் வைத்துவிட்ட மாதிரி அவளுக்கு இருந்தது. தண்டித்திருந்தால் போய் அக்கா முன்னால் நிற்க ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே போனாள். அக்கா கதவைத் திறந்தாள். அவளைப் பார்த்தாள். திரும்பி நடந்தாள். கதவைச் சாத்தவில்லை. அதையே அழைப்பாக எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

வீடு மாறியிருந்தது. டிவியை சுவரின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளியிருந்தார்கள். நடைவழியில் இருந்த முக்காலியைக் காணோம். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முகம் மெலிந்திருந்தது. சட்டைப் பொத்தான்கள் ஒழுங்காகப் போட்டிருந்தன, அக்கா போட்டுவிட்டிருப்பாள்.

"ரீஸ்டார்ட்டா?" என்றார், காலடிச் சத்தத்துக்கே.

"ஆமா மாமா."

"உக்காரு. வேலையெல்லாம்?"

"போயிட்டிருக்கு."

அக்கா இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு நின்றாள். தங்கை ஒன்றை எடுத்து மாமாவுக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள்.

"நேரா வைக்காதே" என்றாள் அக்கா. "நேரா இருந்தா அவருக்குத் தெரியாது. கொஞ்சம் பக்கவாட்டுல வை."

இத்தனை மாதத்தில் அக்கா அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. அவள் டம்ளரை நகர்த்தினாள். சரியா என்று கேட்க நிமிர்ந்தபோது அக்கா சமையலறைக்குப் போயிருந்தாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

மாமா டம்ளரை எடுத்துக்கொண்டார். ஊதி ஊதிக் குடித்தார். "அவ பேசினதை ரொம்பப் பெரிசா எடுத்துக்காதே" என்றார் தாழ்ந்த குரலில். "எங்கிட்டயும் இப்படித்தான். எதை எங்க வைக்கணும்னு மட்டும் சொல்றா."

அவள் தன் டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள்.